பர்மாவில் நகரத்தார் நிலவுடைமை

முன்னுரை

இன்று மியன்மர் எனப்படும் பர்மா நாட்டோடு தென்னாட்டு வணிகர் கொண்ட தொடர்பு பழமையானது. பாகான் நகரத்துக் கி. பி. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மலைமண்டலத்து வணிகர் ஒருவர் மண்டபம் எடுத்த செய்தியைத் தமிழிற் கூறுகின்றது. அவ்வணிகர் அயல்மண்ணிற் கட்டியது இறைவற்கு உரியதாயிற்று. ஆறு நூற்றாண்டுகள் கழித்து அங்குச் சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தாரோ, 1937ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல்விளை மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலத்துக்கு உடையவராயினர். 1948இல் நிலம் அரசுடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நகரத்தார் வஞ்சிக்கப்பட்டனர் என்பர் ஒருசாரார்; அவர்களே பர்மிய உழவரை வஞ்சித்தனர் என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் நிறைவுடையன அல்ல என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் ஈட்டுப்பொருளான வகை

ஆங்கிலேயர் 1852இல் கீழ்ப்பர்மாவைக் கைக்கொண்டபோது ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகவே இருந்தது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தை அணுகியது. அரிசி வாணிகம் பெருகியது. 1876இல் இயற்றப்பெற்ற நில வருவாய்ச் சட்டம், பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது நிலத்தைக் கையாண்டு வரி செலுத்தியவர்க்கு நிலையான உரிமை வழங்கியது. அவ்வுரிமை வழிவழி வரத்தக்கது. பிறர்க்கு மாற்றவும் தக்கது. மாற்றத்தக்கது எனவே அடைமானம் வைக்கவும் தக்கதாயிற்று. உழவன் நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெற வழி பிறந்தது இச்சட்டத்தாலேயாம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

காடு திருத்தவும் மாடு வாங்கவும் கூலி கொடுக்கவும் உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கில வங்கிகள் சிற்றூர்களுக்குச் சென்றில. அவ்விடத்தை நிரப்பியவர் நகரத்தார். இரங்கூன் மொகல் தெருவிலிருந்த அவர்தம் கிட்டங்கிகளில் நடப்பு வட்டி குறிக்கப்பட்டது. அங்கிருந்து பணம் ஏஜெண்டுகள் வாயிலாக ஊர்தோறும் சென்றது. பத்து இலக்கம் ஏக்கருக்குக் குறைவாயிருந்த நெல் நிலம், 1930களில் எண்பது இலக்கத்தையும் கடந்தது. 1929-30இல் ஆராய்ந்த பர்மா மாநில வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்றும், அவை கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் கணித்தது.

வேண்டாது வந்த நிலம்

கொண்டுவிற்கும் தொழிலுக்குப் பணம் சுழலுதலே உயிராகும். நிலத்தில் முடங்கிய பணம் பேரேட்டிற் பெருகித் தோன்றினும் தவணைக்கு உதவாது. ஆதலின் நகரத்தார் நிலத்தை விரும்பி வாங்கினர் எனல் பொருந்தாது. இதற்கு எண்களே சான்று. மேற்கூறிய பதின்மூன்று மாவட்டங்களில் 1930இல் அவர்கட்கு உரியதாயிருந்தது 5,70,000 ஏக்கர், நூற்றுக்கு ஆறு. 1937இல் அது 24,46,000 ஏக்கராக உயர்ந்தது, நூற்றுக்கு இருபத்தைந்து. பல்லாண்டுகள் தொழில் நடத்தியும் ஆறு பங்கே பெற்றவர், ஏழே ஆண்டுகளில் அதனை நான்கு மடங்காக்கியது ஆசையால் அன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பாதியளவு வீழ்ந்தமையாலாகும். உழவர் பணம் திருப்ப இயலாது நிலம் கொடுத்தனர். நகரத்தாரும் பணம் பெற இயலாது நிலம் ஏற்றனர்.

உழவர் நிலை

எனினும், நகரத்தார் விரும்பவில்லை என்பதனால் உழவனின் இழப்புக் குறைந்துவிடாது. காட்டை அழித்து நிலமாக்கியவன் அந்நிலத்திலேயே குத்தகையாளன் ஆயினான். கடைக்காரரின் ஊரோ கடலுக்கு அப்பால் இருந்தது. ஏஜெண்டும் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் தாயகம் திரும்புபவர். பல இனத்தாரும் சந்தையில் மட்டுமே கூடி, ஏனையவற்றில் ஒட்டாது வாழும் நிலையைப் பர்னிவால் என்னும் அறிஞர் பன்மைச் சமுதாயம் என்றார். ஒட்டுறவில்லாத இடத்தில் வழக்குமன்றத் தீர்ப்பு நிலத்தைப் பெற்றுத்தரலாம். அண்டை வீட்டாரின் ஒப்புதலைப் பெற்றுத்தராது. 1930இலும் 1938இலும் நிகழ்ந்த கலவரங்களில் இந்தியர்மேல் எழுந்த சினத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சட்டத்தின் மாற்றம்

1937இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரே ஆட்சியின் மற்றொரு மாகாணத்தில் நிலம் உடையவராயிருந்த நகரத்தார், இருந்த இடத்திலேயே அயல்நாட்டவராயினர். 1942இல் சப்பானியர் படையெடுப்பால் இலக்கக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு நீங்கினர். 1947இல் அசையாச் சொத்தை அயலார்க்கு மாற்றுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற ஆண்டாகிய 1948இல் நிலம் அரசுடைமையாக்கும் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1953இல் மற்றொரு சட்டமும் வந்தன. இழப்பீடு சட்டத்திற் கூறப்பட்டதாயினும் முதலீட்டின் பெரும்பகுதி மீளவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அயலார்க்கு நிலம் விற்றலையும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுதலையும் விலக்கியது. 2016இல் வந்த அடுக்குமாடிச் சட்டமே அக்கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்தி, அத்தகைய கட்டடங்களில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை அயலார் கொள்ள இடந்தந்தது.

முடிவுரை

நகரத்தார் வைத்திருந்த பத்திரங்கள் பொய்யானவை அல்ல. முறையாகப் பதிவு பெற்றவையே. ஆயினும் அவற்றுக்கு வலிமை தந்தது 1876ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டத்தைத் தாங்கியது ஆங்கில ஆட்சி. அவ்வாட்சி நீங்கியபோது பத்திரம் எஞ்சியது, உரிமை எஞ்சவில்லை. நகரத்தாரின் இழப்பும் உண்மை. உழவனின் இழப்பும் உண்மை. ஒருவர் இழப்பை மட்டும் எழுதுவது வரலாறாகாது. அயல்மண்ணிற் பெறும் நிலவுடைமை, அம்மண்ணின் மக்கள் அதனை ஒப்பும் அளவே நிலைபெறும் என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபாகும்.