பெயரில்லாத ராணி

கதை எழுதிப் பழகியவனுக்கு ராஜ வம்சாவளியைப் போல அலுப்புத் தட்டுகிற விஷயம் வேறில்லை. இன்னாருக்கு மகன் இன்னார், இன்ன ஆண்டில் பட்டம், இன்ன ஆண்டில் மரணம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் சில சமயம் அந்தப் பட்டியலின் ஓரத்திலிருந்து ஒரு மனித முகம் எட்டிப் பார்க்கிறது. அப்படி நான் கண்ட முகம் ஒரு ராணியுடையது. அவள் பெயரைச் சரித்திரம் சொல்லவில்லை.

இங்கிலாந்து ஒரே தேசமாவதற்கு முன்னால், கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலர்களும் சாக்ஸன்களும் பல சிறு ராஜ்யங்களை ஆண்டு வந்தார்கள். இன்றைய நார்போக், சபோக் ஜில்லாக்கள் உள்ள பகுதி அன்று கிழக்கு ஆங்கிலியா. வுபா என்ற மூதாதையின் பெயரால் அதன் அரச குலத்துக்கு வுபிங்கர் என்று பெயர். வுபாவின் பேரன் ரேட்வால்ட். ஹம்பர் நதிக்குத் தெற்கே மற்ற மன்னர்கள் மேலும் ஆதிக்கம் செலுத்தியவர்களில் நான்காவதாக அவனை எண்ணுகிறார், 731-ஆம் ஆண்டில் தமது திருச்சபைச் சரித்திரத்தை எழுதி முடித்த பீட் என்ற துறவி.

ரேட்வால்ட் கெண்ட் ராஜ்யத்துக்குப் போயிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றான். ஊர் திரும்பியதும் மனைவியும் சில ஆலோசகர்களும் அவன் மனத்தைக் கலைத்துவிட்டார்களாம். பிறகு அவன் செய்த காரியம் வேடிக்கையானது. ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும், பழைய தெய்வங்களுக்குப் பலியிட ஒரு சிறு பீடமுமாக அமைத்துக்கொண்டான்! துறவிக்கு இதில் ஒரே கோபம். எனக்கென்னவோ அவ்வளவு கோபம் வரவில்லை. வெளியுலகத்துக்கும் நல்லவனாக இருக்க வேண்டும், வீட்டிலும் சமாதானம் வேண்டும் என்று தவித்த ஒரு குடும்பஸ்தனைத்தான் அவனிடம் காண்கிறேன்.

இப்படி இரண்டு பக்கமும் சாய்கிறவனுக்கு ஒரு சோதனை வந்தது. வடக்கே நார்த்தம்பிரியாவை ஆண்ட எத்தெல்பிரித் மகா பராக்கிரமசாலி. அவனுக்குப் பயந்து ஊர் ஊராக அலைந்த எட்வின் என்ற இளவரசன், ரேட்வால்டிடம் அடைக்கலம் புகுந்தான். எட்வினைக் கொன்றுவிட்டால் ஏராளமான பொருள் தருவதாக எத்தெல்பிரித் தூது அனுப்பினான். ரேட்வால்ட் இணங்கவில்லை. இரண்டாம் தூது வந்தது. மூன்றாம் தூதும் வந்தது. வெள்ளி கூடிக்கொண்டே போயிற்று. கூடவே யுத்த மிரட்டலும் வந்தது. ரேட்வால்ட் தளர்ந்துபோய்ச் சம்மதித்துவிட்டான்.

நண்பன் ஒருவன் எட்வினிடம் ஓடி வந்து, இரவோடு இரவாகத் தப்பிவிடச் சொன்னான். எட்வின் மறுத்தான். தனக்கு ஒரு தீங்கும் செய்யாத மன்னனுக்குக் கொடுத்த வாக்கை, தான் முதலில் மீறுவதா என்று கேட்டுவிட்டு, அரண்மனை வாசலில் ஒரு கல்லின்மேல் தனியே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே ரேட்வால்ட் தன் எண்ணத்தை மனைவியிடம் ரகசியமாகச் சொன்னான். அவள் தடுத்தாள். துன்பத்தில் இருக்கும் நண்பனைப் பொன்னுக்கு விற்பது பெரிய மன்னனுக்கு அழகல்ல. எந்த ஆபரணத்தையும்விட உயர்ந்த மானத்தைப் பணத்துக்காக இழக்கலாகாது என்று எடுத்துச் சொன்னாள். அவ்வளவுதான், மன்னன் மனம் திரும்பியது. 616-ஆம் ஆண்டை ஒட்டி ஐடில் நதிக்கரையில் நடந்த போரில் எத்தெல்பிரித் மாண்டான். எட்வின் நார்த்தம்பிரியாவின் அரியணை ஏறினான்.

ஆனால் மானத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்தப் போரில் ரேட்வால்டின் மகன் ரேகன்ஹெரே உயிரிழந்தான்.

இனிமேல்தான் விசித்திரம். அந்த எட்வின் 627-ஆம் ஆண்டில் யார்க் நகரில் ஞானஸ்நானம் பெற்றான். வட நாட்டில் புது மதம் வேரூன்ற வழி பிறந்தது. அந்த வட நாட்டு மடம் ஒன்றில் வாழ்ந்தவர்தாம் பீட். கணவனைப் பழைய தெய்வங்களிடம் இழுத்தாள் என்று யாரைப் பழித்தாரோ, அவளுடைய ஒரு வார்த்தைதான் எட்வினைக் காப்பாற்றியது. பழியையும் சொல்லி, புகழையும் மறைக்காமல் எழுதிய அந்தத் துறவியின் நேர்மையை வணங்குகிறேன். பெயரையும் எழுதியிருக்கலாம்!

1939-ஆம் ஆண்டில் சபோக் ஜில்லாவிலுள்ள சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 90 அடி நீளக் கப்பலின் வடிவம் மணலில் பதிந்திருந்தது. மரம் மக்கிப்போய் இரும்பு ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. தலைக்கவசம், வாள், 37 பொற்காசுகள், கிரேக்க எழுத்தில் பவுல் என்று பொறித்த வெள்ளிக் கரண்டி எல்லாம் கிடைத்தன. கப்பலோடு புதைப்பது பழைய மத வழக்கம். கரண்டியில் இருப்பதோ கிறிஸ்தவப் பெயர். கல்லறையிலும் இரண்டு பீடங்கள்! அது ரேட்வால்டின் சமாதியாகவே இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

வுபிங்கர் குலம் 749-ஆம் ஆண்டில் ஆல்ப்வால்ட் மன்னனோடு முடிந்தது. அவர்களுடைய பொன் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குள் பளபளக்கிறது. ராணிக்கு அங்கே ஒரு காசளவு அடையாளமும் இல்லை. நாவலாசிரியன் நினைத்தால் அவளுக்கு ஓர் அழகான பெயர் சூட்டிவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. ஓர் இரவு கணவனிடம் அவள் சொன்ன சொல் நமக்குக் கிடைத்திருக்கிறதே, அது போதும்.