வயரில்லாத பத்து மீட்டர்

புளூடூத் பிறந்த ஊர் சுவீடனின் தென்கோடியில் உள்ள லுண்ட். அந்தப் பல்கலைக்கழக நகரில் எரிக்சன் நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு இயங்கிவந்தது. 1989-இல் அப்பிரிவின் தொழில்நுட்பத் தலைவர் நில்ஸ் ரிட்பெக், சிறு தொலைவுக்கு மட்டும் எட்டும் ரேடியோ இணைப்பு ஒன்றுக்கான வேலையைத் தொடங்கிவைத்தார். காதில் மாட்டும் ஹெட்செட்டுக்கும் கைப்பேசிக்கும் நடுவே தொங்கும் வயரை ஒழிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1994-இல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளரும் சுவீடனின் ஸ்வென் மாட்டிசனும் அதற்கு இன்றைய வடிவத்தின் அடித்தளத்தை இட்டனர்.

வயரை ஒழிக்க வேறு வழியும் அப்போது இருந்தது. டிவி ரிமோட்டில் உள்ள அதே அகச்சிவப்பு ஒளியை லேப்டாப்களிலும் கைப்பேசிகளிலும் பொருத்தினார்கள். ஆனால் இரண்டு கருவிகளும் முகத்துக்கு முகம் பார்த்தால்தான் அந்த ஒளி பேசும். சட்டைப்பைக்குள் கிடக்கும் போன் அதற்குக் குருடு. ரேடியோ அலைக்குத் துணியும் தோல்பையும் தடையல்ல.

அலைக்கு இடம் எங்கே என்பது அடுத்த சிக்கல். அலைவரிசைகள் பெரும்பாலும் அரசுகள் பட்டா போட்டுக் கொடுத்த நிலங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியோ புறம்போக்கு. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாடு அதைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் அங்கேதான். 1985-இல் அமெரிக்கா அங்கே உரிமம் இல்லாத தகவல்தொடர்புக்கும் இடம் கொடுத்தது. புறம்போக்கில் வாடகை இல்லை, சந்தடிக்கும் குறைவில்லை. அதனால் புளூடூத் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் இழப்பு ஒரு நொடியில் ஒரு துணுக்குதான்.

இந்தத் தாவும் உத்தியைச் சொல்லும்போதெல்லாம் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரின் பெயர் வந்துவிடும். இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெயிலுடன் சேர்ந்து, டார்பிடோவை எதிரி குழப்பாதபடி அலைவரிசை மாற்றி இயக்கும் முறைக்கு 1942-இல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை. புளூடூத்தையே அவர்தான் கண்டுபிடித்தார் என்பது கதைச் சுவைக்காகச் சேர்த்த மிகை.

பெயரும் ஒரு தற்செயல்தான். 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் வைக்கிங் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒருகுடைக்கீழ்க் கொண்டுவந்து நார்வேயிலும் ஆட்சி செலுத்திய ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயர் 'நீலப்பல்'. தனித்தனியே கிடந்த நிறுவனங்களையும் கருவிகளையும் சேர்க்கும் முயற்சிக்கு அந்தப் பெயரைத் தற்காலிகமாகச் சூட்டினார். விற்பனைக்கு வேறு பெயர் வைப்பதாக இருந்தது. அது கைகூடவில்லை, தற்காலிகமே நிரந்தரமாயிற்று. மன்னனின் முதலெழுத்துகள் இரண்டையும் பழைய ரூனிக் வடிவில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியதுதான் இன்று எல்லாக் கைப்பேசிகளிலும் தெரியும் சின்னம். தமிழில் புளூடூத்துக்கு 'ஊடலை' என்றும் வைஃபைக்கு 'அருகலை' என்றும் சொல் படைத்திருக்கிறார்கள். இரண்டில் அதிகம் அருகில் நிற்பது புளூடூத் என்பதைப் பார்த்தால், பெயர்கள் இடம் மாறிவிட்டனவோ என்று தோன்றும்.

1998 மே மாதத்தில் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து புளூடூத்துக்கான கூட்டமைப்பை அறிவித்தன. சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்களும் இதில் கைகோத்தன. கூட்டமைப்பில் சேர்ந்து சோதனையில் தேறியவர்களிடம் தனியே காப்புரிமைத் தொகை கேட்பதில்லை என்றும் முடிவாயிற்று. புளூடூத் வென்றது வேகத்தால் அல்ல, இந்த ஒப்பந்தத்தால். தொடக்கப் பதிப்புகளில் ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொன்றின் கருவியோடு சேர மறுத்ததும் உண்டு. அடுத்தடுத்த திருத்தங்களில்தான் சரியானது.

காருக்குள் புளூடூத் நுழைந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். கையில் போனைப் பிடித்தபடி ஓட்டுவதை நியூயார்க் மாநிலம் 2001-இலும் பிரிட்டன் 2003-இலும் தடை செய்தன. புளூடூத்துக்கு முன் காரில் போன் பேச, அந்தந்த மாடலுக்கென்றே செய்த தாங்கியையும் வயரையும் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. கார் பதினைந்து ஆண்டு ஓடும். போன் இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடும். புதுப் போன் வாங்கியதும் பழைய தாங்கி குப்பைதான். இந்தப் பொருத்தமின்மையைத் தீர்த்தவை புளூடூத்தின் நடைமுறை விதிகள். அழைப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, பெயர்ப்பட்டியலுக்கு ஒன்று எனத் தனித்தனி விதிகள் உண்டு. அழைப்பு வந்தால் காரின் மைக்கும் ஸ்பீக்கரும் போனின் வாயும் காதும் ஆகிவிடும். பத்தாண்டுக்கு முந்தைய காரும் நேற்று வாங்கிய போனும் இன்று பேசிக்கொள்வது இதனால்தான். போனின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் வயரில்லாத கார்பிளேயில் மட்டும் புளூடூத் அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாரத்தைச் சுமப்பது வைஃபை. பெயர்ப்பட்டியல் காரின் நினைவகத்திலும் பதிவதால், வாடகைக் காரைத் திருப்பித் தரும் முன் அதை அழித்துவிடுவது நல்லது.

மொபைல் டேட்டா விலையேறிக் கிடந்த நாட்களில் தமிழ்நாட்டில் புளூடூத் என்றால் பாட்டு ஏற்றும் வழி. பேருந்திலும் கல்லூரி வராந்தாவிலும் பாட்டு ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குக் காசில்லாமல் தாவியது. அதே பாதையில் தாவ 2004-இல் 'காபிர்' என்ற கைப்பேசிக் கிருமியும் கற்றுக்கொண்டது.

2010-இல் நான்காம் பதிப்போடு வந்த குறைமின் வகை புளூடூத்தின் வாழ்வையே மாற்றியது. அதன் மூலம் நோக்கியா 2006-இல் வெளியிட்ட 'வைப்ரீ'. சிறு தகவலை அனுப்பிவிட்டு உடனே உறங்கிவிடுவதால், பொத்தான் அளவு பேட்டரியே மாதக்கணக்கில் தாங்கும். கைக்கடிகாரமும் சர்க்கரை அளவைக் காட்டும் உணரியும் இப்படித்தான் போனோடு சேர்ந்தன. 2020-இல் இந்திய அரசின் ஆரோக்ய சேது செயலி, அருகில் இருந்தவர்களைக் குறித்துக்கொள்ளப் பயன்படுத்தியதும் புளூடூத்தையே.

இப்போது காரின் சாவியும் போனுக்குள் போய்விட்டது. அங்கே தடைகளைத் தாண்டிச் செல்லும் பழைய பலமே பலவீனமானது: அலையின் வலிமையை வைத்துத் தொலைவை ஊகிப்பதால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்பவைக்க முடியும். 2022-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள், தொலைவில் இருந்த போனின் அலையை வாங்கிக் கடத்தி, டெஸ்லா மாடல் 3 காரைத் திறந்து ஓட்டிக் காட்டினர். கார் நிறுவனங்களும் போன் நிறுவனங்களும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட டிஜிட்டல் சாவித் தரத்தின் மூன்றாம் பதிப்பில் இதற்கு மாற்று இருக்கிறது. அதில் போனை அடையாளம் காணும் வேலை மட்டும் புளூடூத்துக்கு. அலை போய்வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் பொறுப்பு அல்ட்ரா வைட்பேண்ட் என்ற வேறொரு ரேடியோவுக்கு.