வேட்டை முகாமும் இனாமும்

1909 ஏப்ரலில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்க மொம்பாசாவில் வந்திறங்கினார். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டவை 512 உயிர்கள். அந்த முகாமையே தலையில் சுமந்தவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள்.

அன்றைய வேட்டைப் பயணங்களில் கூலி ஒப்பந்தப்படி கிடைக்கும். சிங்கம் விழுந்தால் இனாம் தனி. ஸ்வாஹிலியில் அதற்குப் பெயர் 'பக்‌ஷிஷி'. தமிழில் 'பக்சீஸ்'. இரண்டும் பாரசீகம் தந்த சொற்கள்.

கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. தான்சானியாவில் அது இன்றும் நடக்கிறது, இனாமும் தொடர்கிறது. பயணத்தின் முடிவில் வழிகாட்டிக்குத் தனியாகவும், தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையற்காரர் ஆகியோருக்கு அவரவர் வேலைக்கேற்பவும் கொடுப்பது வழக்கம்.

இனாம் என்பது நன்றி. கூலி என்பது உரிமை. கூலியைக் குறைத்துவிட்டு இனாமைக் காட்டினால், உழைத்தவர் வேட்டைக்காரரின் மனநிலையை நம்பியே பிழைக்க வேண்டியிருக்கும்.