டெட்லைன்

கெடு என்ற பொருளில் நாம் அன்றாடம் புழங்கும் 'டெட்லைன்', முதலில் நிஜமாகவே உயிர் பறித்த கோடு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பு ஒரு போர்க்கைதி முகாம் அமைத்தது. உயரமான மரச்சுவருக்குச் சுமார் 19 அடி உள்ளே, குச்சிகள் நட்டு மெல்லிய சட்டம் அடித்த தாழ்ந்த வேலி, அதுதான் டெட்லைன். தாண்டினால் காவலர் சுடலாம். ஓடையில் சற்றே தெளிந்த நீருக்காக அதற்கு அப்பால் கைநீட்டியவர்களும் சுடப்பட்டார்கள். என்ன கொடுமை! அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் நோயாலும் பட்டினியாலும். முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் 1865இல் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான வழக்கில் இந்தக் கோடும் பேசப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள், செய்தி தருவதற்கான கடைசி நேரத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன.