59 பசங்களும் ஒரு பைபிள் வகுப்பும்

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் ஏறினா, ஆளுக்கொரு செல்போன்ல தலையைக் கவிழ்த்துக்கிட்டு பசங்க. "ஞாயிறு பள்ளிக்கு வரமாட்டேங்கிறான், போனே கதின்னு கிடக்கிறான்"னு கிறிஸ்தவ நண்பர்கள் புலம்புவாங்க. இதுக்கு நேரெதிரான புலம்பல் ஒண்ணு 1841-ல் கேட்டது.

ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1837-ல் சென்னையில் 59 பையன்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். காஞ்சிபுரத்திலும் நம்ம செங்கல்பட்டிலும் கிளைகள் வந்தன. இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பினது இங்கிலீஷுக்காக. கூடவே வந்த பைபிள் பாடத்தைப் பொறுத்துக்கிட்டாங்க. 1841-ல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் வாங்கினதும் பொறுமை போச்சு. பெத்தவங்க பிள்ளைகளை நிறுத்த, வகுப்புகள் மளமளன்னு காலியாச்சு. மிஷன்காரர்களுக்கு அது வெற்றி. அந்த வீடுகளுக்கோ சாவுக்குச் சமம். இரண்டு பேரும் 1851-ல் போதகர்கள் ஆனார்கள்.

1862-ல் வந்த வில்லியம் மில்லர் ரூட்டையே மாத்தினார். ஞானஸ்நானக் கணக்கு முக்கியமில்லை, கிறிஸ்தவச் சிந்தனை மெதுவா ஊறினால் போதும் என்பது அவர் கட்சி. (சொந்த ஆட்களே அவரைத் திட்டினார்கள், அது தனிக்கதை.) அந்தப் பள்ளிதான் சென்னை கிறித்துவக் கல்லூரியாகி, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது.

ஊறினது என்னன்னு கேட்டா, ராதாகிருஷ்ணனைப் பாருங்க. அங்கே படிக்கும்போது மிஷனரி ஆசிரியர்கள் இந்து மதத்தை விமர்சித்தது அவரைக் குடைஞ்சிருக்கு. பதில் தேடப் போய், எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றியே ஆய்வு எழுதினார். அதைப் பாராட்டிச் சான்று கொடுத்தவர், அதே கல்லூரியின் மிஷனரி பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்!