புதிர்ப்புழுவுக்கு எது சொந்த ஊர்?

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய்த்திட்டுப் பக்கம் போயிருந்தேன். கரையேற்றி வைத்திருந்த படகின் அடியை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார். கொட்டலசோடு கூடவே, சேமியாவை அள்ளி ஒட்டவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழாய்கள்.

"இதுக்குப் பேர் என்னண்ணே?"

"இதுக்கெல்லாம் யாரு தம்பி பேரு வச்சா? புடிச்சிக்கும், சுரண்டணும், அவ்ளோதான்."

பேர் வைத்திருக்கிறார்கள். வைத்த பேரில் நடந்த குளறுபடிதான் இந்தப் பதிவு.

குழாய்க்குள் இருப்பது புழு. செர்புலிட் என்று ஒரு குடும்பம். தானே சுண்ணாம்பைச் சுரந்து குழாய் கட்டிக்கொண்டு, தலையில் இருக்கும் இறகு போன்ற விசிறியை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்னும். ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை ஒரு மூடியால் அடைத்துவிடும். இனம் பிரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த மூடியைத்தான்.

1921இல் பிரான்சின் நார்மண்டியில், கான் நகரிலிருந்து கடலுக்குப் போகும் கால்வாயில் திடீரென்று ஒரு குழாய்ப்புழு கூட்டம் கூட்டமாக முளைத்தது. அடுத்த வருஷமே லண்டன் துறைமுகத் தொட்டிகளிலும் தென்பட்டது. அதுவரை ஐரோப்பாவில் யாரும் அதைக் கண்டதில்லை. ஆன்ழே நகரப் பேராசிரியர் பியேர் ஃபோவெல் 1923இல் அதற்கு 'மெர்சியரெல்லா எனிக்மாடிகா' என்று பேர் வைத்தார். எனிக்மா என்றால் புதிர். எங்கிருந்தோ கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, எங்கிருந்து என்பதுதான் புதிர்.

கப்பல் என்றதும் சந்தேகம் யார் மேல் விழும்? கிழக்கு மேல்தான் :-) இந்தியக் கரையோர உப்பங்கழிகள்தான் இதன் பூர்வீகம் என்ற கருத்து கிளம்பியது. நம் பக்கத்து உப்பங்கழிகளில் கிடைத்த ஒத்த சாயல் புழுக்களும் அதே பேரில் பட்டியலேறின.

ஃபோவெல் சாதாரண ஆள் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் புழுச் சேகரிப்பைப் பற்றி 1930இல் எழுதினார், கல்கத்தா இந்தியன் மியூசியத்துச் சேகரிப்பைப் பற்றி 1932இல். எண்பது வயது தாண்டி, 1953இல், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலாயா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்நூறு பக்கத்துக்கு ஒரு பெரிய புத்தகம். அலகாபாத்தில் அச்சானது. அந்த வருஷம் எங்கள் பாண்டிச்சேரியில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது, அது இறங்கியது 1954 நவம்பரில். பிரெஞ்சுக்காரர் எழுதிய 'இந்தியா' புத்தகம் வந்தபோது நாங்கள் இந்தியாவிலேயே சேரவில்லை!

அவ்வளவு பெரிய ஆள் எழுதினால் அடுத்தவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். டேட்டாபேஸில் ஒரு ஐடி தப்பாக ஏறினால் அதைச் சார்ந்த எல்லா ரிப்போர்ட்டும் தப்பாகுமே, அதே கதை.

முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தது இலங்கையில். டி. காட்ஃபிரிட் பிள்ளை (பேரைப் பார்த்தால் நம்மவர்தான்) 1960இல் சிலோன் ஜர்னல் ஆஃப் சயின்சில் அங்குள்ள கடல், உவர்நீர் செர்புலிட்களை ஆராய்ந்து எழுதினார். அதில் 'நியோபோமாட்டஸ்' என்று ஒரு புதுப் பேரினம். இனத்தின் பேர் உஷகோவி, சோவியத் புழு நிபுணர் உஷகோவின் பேரால்.

பதினெட்டு வருஷம் கழித்து, 1978இல், நெதர்லாந்துக்காரர்கள் டென் ஹோவேயும் வேர்டன்பர்க்கும் உலகத்துச் சேகரிப்புகளையெல்லாம் வைத்து இந்தக் கூட்டத்தை மறுபடி பிரித்தார்கள். மூடியில் முள் இருக்கிறதா, எப்படி அமைந்திருக்கிறது, கழுத்துப் பக்கத்து மயிர்முட்களில் பல் எப்படி என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஃபோவெலின் புதிர்ப்புழு மிதவெப்பக் கடலோரங்களைச் சேர்ந்தது, வெப்பமண்டலத்தில் அதே பேரில் பதிவானவை வேறு இனங்கள் என்று தெரிந்தது. அந்த வேறு இனங்களில் ஒன்று பிள்ளையின் உஷகோவி.

இதில் ஒரு சுவாரஸ்யம். ஃபோவெல் வைத்த பேரினப் பேரும் போய்விட்டது. ரோலண்ட் சதர்ன் என்பவர் இந்திய உவர்நீர்ப் புழு ஒன்றுக்கு 1921லேயே 'ஃபிகோபோமாட்டஸ்' என்று வைத்திருந்தார். எல்லாம் ஒரே பேரினம் என்றால் மூத்த பேர்தான் நிற்கும், அதுதான் விதி. இரண்டே வருஷ வித்தியாசத்தில் மெர்சியரெல்லா அவுட். பிள்ளையின் நியோபோமாட்டஸும்தான், ஆனால் அவருடைய இனம் நிற்கிறது. அவரும் சளைக்காமல் 2009 வரை செர்புலிட்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்!

இந்தியா மேலிருந்த பழி கழிந்து, பூர்வீகச் சந்தேகம் ஆஸ்திரேலியா பக்கம் திரும்பியது. அங்கே 2017இல் மரபணுவைப் பார்த்தால், ஒரே பேருக்குள் மூன்று தனித்தனிக் குழுக்கள். புதிர் மறுபடி ஆரம்பம்.

தேங்காய்த்திட்டில் அந்த அண்ணனிடம் கேட்டு ஒரு துண்டை பாட்டிலில் போட்டு எடுத்து வந்தேன். ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழாய்தான் இருக்கிறது, புழு அழுகிவிட்டது, மூடியைக் காணோம். பாட்டில் மேல் 'செர்புலிட், தேங்காய்த்திட்டு' என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.