கரடிக் கணக்கும் வீட்டு விதிகளும்



விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, "தாத்தா, இந்தக் கணக்கு நியாயமா, பாத்துச் சொல்லுங்க" என்றான். அவனும் நண்பர்களுமாக ஐந்து பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டு ஆடுகிறார்கள். அதில் இவன் மிருகமாக உருமாறக்கூடிய 'ட்ரூயிட்'. போர்வீரனாக ஆடும் பையன் மூன்று வாரமாக வரவில்லையாம். "எல்லாத்தையும் கரடியே பண்ணிடுது, நான் எதுக்கு?" என்று கேட்டானாம். அந்தக் கரடி என் பேரன்தான்.

நோட்டைப் பார்க்க உட்கார்ந்தவன், அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதை ஆடக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள்தான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒரு செயல் பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். முதல் நூல்களிலேயே ஓட்டைகள் நிறைய. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்பதுதான் ஆசிரியர்களின் எண்ணம். தாயக்கட்டத்துக்கு வீட்டுக்கு வீடு விதி மாறுவதுபோல இதிலும் 'வீட்டு விதி' அன்றே பிறந்துவிட்டது.

ட்ரூயிட் என்பவர்கள் பழைய கெல்ட் மக்களின் பூசாரிகள். ஜூலியஸ் சீசர் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் மிருகமாக மாறுவார்கள் என்று சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, பொம்போனியஸ் மேலா என்ற ரோமானியப் புவியியலாளர், இன்றைய பிரான்சின் மேற்குக் கரையை அடுத்த ஒரு தீவில் ஒன்பது பூசாரிப் பெண்கள் விரும்பிய விலங்காக மாறுவார்கள் என்று எழுதினார். அவர்களையும் அவர் ட்ரூயிட் என்று சொல்லவில்லை.

விளையாட்டில் ட்ரூயிட் 1975-இல் எதிரியாக வந்தார். 1976-இல் டென்னிஸ் சஸ்டேர் உருவாக்கிய வடிவில், ஆடுபவர்களே ஏற்கும் பாத்திரமானார். 1978 விதிநூலின்படி 7-ஆம் நிலையை எட்டிய பிறகே உருமாற்றம். அதுவும் நாளுக்கு மூன்று முறை: ஊர்வன ஒன்று, பறவை ஒன்று, பாலூட்டி ஒன்று. மாறும்போது பட்ட காயத்தில் 10 முதல் 60 சதவீதம் ஆறும். அளவான சலுகை.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதை 5-ஆம் நிலைக்கு இறக்கியது. 2003-இல் திருத்திய பதிப்பில் உடல்வலு மிருகத்தினுடையது, அறிவு மனிதனுடையது. கூடுதல் திறன் ஒன்றை எடுத்துக்கொண்டால் மிருக உருவிலேயே மந்திரமும் போடலாம். பக்கத்தில் நிற்கும் போர்வீரனுக்கு என்ன வேலை? 2006-இல் பதிப்பகமே, குறிப்பிட்ட சில உருவங்கள் மட்டும் கொண்ட மாற்று முறையை வெளியிட்டது. 2009-இல் வந்த ட்ரூயிட் உருவம் மாறினாலும் எண்கள் மாறாதவர். கணக்கு சரி, ஆனால் கரடியான சுகம் இல்லை.

2014 பதிப்பில் நம் தொழில் நுழைகிறது. உருமாறியவருக்கு இரண்டு கணக்கு: மிருகக் கணக்கு, மனிதக் கணக்கு. அடியெல்லாம் முதலில் மிருகக் கணக்கில் பற்று. இருப்பு தீர்ந்தால் மிச்ச அடி மட்டும் மனிதக் கணக்குக்குப் போகும். 'நிலவு வட்டம்' என்ற வழியை எடுத்த ட்ரூயிட், 2-ஆம் நிலையிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடிக்கு 34 புள்ளி. சிறு ஓய்வு எடுப்பதற்குள் இரண்டு முறை மாறலாம். ஆக 68. அவருடைய சொந்த இருப்பு சுமார் 17. மொத்தம் 85. அதே நிலையிலுள்ள போர்வீரனுக்குச் சுமார் 20. ஒருவரிடம் 85, பக்கத்தில் 20 என்றால், வராமல் போன பையன் மேல் தப்பில்லை.

பல மேஜைகளில் இதற்கு வீட்டு விதி எழுதிக்கொண்டார்கள். 'முன்பு பார்த்த மிருகமாக மட்டுமே மாறலாம்' என்ற நூலின் வரியைக் கறாராகப் பிடித்து, பார்த்த மிருகங்களுக்கு நாட்குறிப்பு வைத்தவர்கள் உண்டு. நாலைந்து மிருகங்களோடு நிறுத்தியவர்கள் உண்டு. மிருகத்துக்குத் தனிக் கணக்கே வேண்டாம், தற்காலிகப் புள்ளி கொஞ்சம் போதும் என்றவர்களும் உண்டு.

2023-இல் பதிப்பகம், எல்லா மிருகங்களுக்கும் பொதுவான சில அச்சுகள் போதும் என்று சோதனைக்கு விட்டது. ஆடுபவர்கள் ஏற்கவில்லை, கைவிட்டார்கள். ஓநாயும் கரடியும் ஒரே அச்சு என்றால் யாருக்குப் பிடிக்கும்? 2024 விதிநூலில் மிருகங்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆனால் 2-ஆம் நிலையில் நான்கு உருவம் மட்டும். மிருகத்தின் உயிர்ப்புள்ளிக்குப் பதில், தம் நிலைக்குச் சமமான தற்காலிகப் புள்ளி. நிலவு வட்டத்தாருக்கு அதில் மூன்று மடங்கு. மேஜைகளில் பேசிவந்த திருத்தங்களுக்கு இது வெகு அருகில்.

பேரனிடம் சொன்னேன்: "கூட்டல் சரிதான்டா. புஸ்தகப்படியும் சரி. ஆனா நியாயமான்னு என்னைக் கேக்காதே, வராம இருக்கானே, அவனைக் கேளு." அன்று மாலையே போன் போட்டான். நான்கு மிருகம், ஒரு சண்டைக்கு ஒரே கரடி, தற்காலிகப் புள்ளி என்று ஐவரும் பேசி முடித்தார்கள். அடுத்த வாரம் போர்வீரன் வந்துவிட்டான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த விதியை எழுதி, கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் சங்கத்தின் துணைவிதித் திருத்தங்களுக்கு இப்படி எல்லோர் கையெழுத்தும் விழுந்த நாள் எனக்கு நினைவில்லை.